64-பிட் மென்பொருளில் 32-பிட் பிளகின்: ஒலி வருகிறது, செட்டிங் நிற்பதில்லை

பத்து வருடத்துக்கு முன் செய்த ஒரு பாட்டைத் திருத்த முயல்கிறேன். வயலின் பகுதி முழுவதும் ஒரு 32-பிட் விஎஸ்டி2 பிளகினில் (இசை மென்பொருளுக்குள் ஓடும் கருவி நிரல்) இருக்கிறது. அதற்கு 64-பிட் பதிப்பு வரவே இல்லை. இப்போது என்னிடம் இருப்பது விண்டோஸ் 10, 16 ஜிபி ரேம். இசை மென்பொருளும் 64-பிட்தான், நேரடியாக ஸ்கேன் செய்தால் பிளகின் பட்டியலிலேயே வருவதில்லை.

மூன்று வாரமாகப் போராடுகிறேன். மென்பொருளோடு வந்த பிரிட்ஜில் (32-பிட் பிளகினை 64-பிட் மென்பொருளில் ஓடவைக்கும் இடைநிரல்) பிளகின் திரை கறுப்பாகி உறைந்துவிடுகிறது. தனியாக வாங்கிய பிரிட்ஜில் ஒலி அருமையாக வருகிறது, ஆனால் புராஜெக்டைச் சேமித்து மூடித் திறந்தால் எல்லாக் குமிழ்களும் ஆரம்ப நிலைக்குப் போய்விடுகின்றன. செட்டிங்கை எஃப்எக்ஸ்பி கோப்பாக எடுத்து ஏற்றினால் அப்போதைக்குச் சரியாகும், மறுபடி திறந்தால் அதே கதை.

அப்புறம், 32-பிட் இசை மென்பொருளையும் நிறுவிப் பார்த்தேன். பிளகின் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் மற்ற சாம்பிள்களும் (பதிவு செய்த ஒலித் துணுக்குகள்) சேர்ந்ததும் 32-பிட் நிரலுக்கான 4 ஜிபி நினைவக எல்லையைத் தொட்டு மூடிக்கொள்கிறது. வயலினை மட்டும் ஆடியோவாக மாற்றி வைக்கலாம்தான். ஆனால் நான் மாற்ற வேண்டியதே அந்த மெட்டைத்தான், அந்த ஒலியை இழக்கவும் மனமில்லை.

பிரிட்ஜ் வழியாக ஓடும் 32-பிட் பிளகினின் செட்டிங்கைப் புராஜெக்டோடு சேர்த்துச் சேமிக்க, உங்களில் யாருக்காவது எந்த வழி வேலை செய்தது?