ஊசிப்புல்லும் ஐப்பசித் தும்மலும்: உங்கள் அனுபவம் என்ன?

கோரிமேட்டிலிருந்து:
குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதையோரச் சரிவுகளில், ஐப்பசி மழைக்குப் பின் ஊசிப்புல் இடுப்பளவு வளர்ந்து கதிர்விட்டு நிற்கும். நான்காண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அதனுள் அரைமணி நேரம் நின்றதற்கே, மாலைவரை தும்மலும் கண்ணரிப்பும், இரவில் இழுப்பும் வந்து மிகவும் வருந்தினேன். ஆனால் தை மாதத்தில் அதே இடத்தில் வேட்டி முழுவதும் ஊசிகள் தைத்தபோது ஒரு தும்மல்கூட வரவில்லை.

கதிரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. ஒரே கதிரில், நீண்ட கூர் முளைத்துப் பின்னர் ஊசியாவது பெண் பூ. கூரின்றிப் பச்சையாக இருப்பது ஆண் பூ. புல்லினம் வண்டுகளை அழைக்காமல் காற்றையே நம்பியிருப்பதால், ஆண் பூக்களில் தொங்கும் பைகளிலிருந்து மகரந்தத் தூள் ஏராளமாக உதிர்கிறது. கதிர் கறுத்து ஊசிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்போது அது ஓய்ந்துவிடுகிறது. ஆடுகளின் தோலைத் துளைக்கும் என்று மேய்ப்பவர்கள் அஞ்சும் பருவம் வேறு, நம் மூக்கு அஞ்சவேண்டிய பருவம் வேறு.

வாழப்பாடியிலிருந்து:
ஐயா, எங்கள் சோளக்காடு பூக்கும்போது எனக்கும் இதே தொல்லை உண்டு. சோளம், மக்காச்சோளம், கரும்பு, ஊசிப்புல் நான்கும் புல் குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்பதால் உங்கள் பதிவு வியப்பளிக்கவில்லை. முன்கையில் மகரந்தச் சாறுகளைச் சொட்டுவிட்டுக் குத்திப் பார்க்கும் சோதனையில், கால்மணி நேரத்தில் சோளமும் அருகம்புல்லும் வைத்த இடங்கள் தடித்தன. ஒவ்வாமை மாத்திரையைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நான் மறந்ததால் முதல் சோதனை வீணாயிற்று.

நாகலூரிலிருந்து:
காபித் தோட்டத்து மர நிழலில் புல் இருந்தும் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. அங்கே காற்று அடங்கியிருக்கிறது. சேர்வராயன் கோயில் மேட்டின் திறந்தவெளியில்தான் மூச்சு முட்டுகிறது. மழை தூளை அடக்கிவிடும் என்று முழுவதும் நம்பிவிடாதீர்கள். ஈரம் பட்ட மகரந்தம் உப்பி வெடித்தால், மூக்கோடு நிற்காமல் நுரையீரல்வரை செல்லக்கூடிய நுண்துகள்கள் வெளிவரும். 2016 நவம்பரில் மெல்போர்னில் இடிமழையின்போது புல் மகரந்தத்தால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுக்கு ஆளானதும் இவ்வாறுதான்.

கோரிமேட்டிலிருந்து:
நன்றி. சரிவுப் புல்லை வெட்டச் சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்ணைப் பிடித்து நிற்பது அந்தப் புல்தான். வெட்டிய இடத்தில் பார்த்தீனியம் நுழைந்தால், அதன் மகரந்தமும் ஒவ்வாதது. ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் நான் இப்போது அந்தப் பாதைக்குச் செல்வதில்லை.