ஹோம்ஸ்கூல் குடும்பங்களுக்கு ஒரு சென்டர் கட்டலாமா? (கோவை)

கோவை அம்மா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பதினொரு குடும்பங்கள் நாங்கள். சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே, ஒரு ஆர்சி (கத்தோலிக்க) குடும்பம் என்று கலவையான கூட்டம். வாரம் ஒருநாள் யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம், வெயில் ஏறினால் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடுகிறோம், கீழ்வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். எங்கள் சபை மூப்பர் ஒருவர் அன்னூர் பக்கம் 30 சென்ட் தருகிறேன், சென்டர் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார். ஜெப அறை, நூலகம், விளையாட இடம் இருந்தால் போதும் என்பது என் எண்ணம். சிலரோ தினமும் நடத்தலாம், இரண்டு டீச்சர் வைக்கலாம், வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டுப் போகட்டும் என்கிறார்கள். இப்போதைக்குக் கீத்துக் கொட்டகை போதும் என்று ஒரு பிரதர் சொல்கிறார். எதில் ஆரம்பிப்பது?

நெல்லை அப்பா:
சிஸ்டர், அந்த "விட்டுவிட்டுப் போகட்டும்" என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள். உங்கள் சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்கிற பெற்றோருக்கு 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் தண்டனை கிடையாது. ஆனால் அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 18-ஆம் பிரிவில் ஒரு லட்சம் வரை அபராதம், அதற்கு மேலும் நடத்தினால் நாளுக்குப் பத்தாயிரம் வரை. சம்பள டீச்சர், தினசரி வகுப்பு, மாதக் கட்டணம், பெற்றோர் யாரும் இல்லை என்றால் பார்க்கிற அதிகாரி அதைப் பள்ளி என்றுதான் சொல்வார், நீங்கள் வாசலில் என்ன போர்டு மாட்டினாலும் சரி. எங்கள் கூட்டத்தில் ஒரே விதி: பிள்ளை உள்ளே இருக்கும்வரை அப்பாவோ அம்மாவோ உள்ளே இருக்க வேண்டும். அதனாலேயே இரண்டு குடும்பங்கள் விலகின, பரவாயில்லை.

கொட்டகை வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீவிபத்தை மறந்துவிட்டாரா அந்தப் பிரதர்? சமையல்கூடத்துக் கீற்றில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் போனார்கள். பத்துப் பிள்ளை என்றாலும் கீற்றுக்குக் கீழே உட்கார வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நெல்லை அப்பா சொன்னது சரி, நான் நிலத்துப் பக்கம் வருகிறேன். மூப்பர் வாயால் சொன்னது போதாது. நாளை அவர் பிள்ளைகள் கேட்டால் கட்டடத்தோடு போய்விடும். வில்லங்கச் சான்று எடுங்கள், பட்டா யார் பெயரில் என்று பாருங்கள், டிரஸ்ட் பதிந்து அதன் பெயருக்கு எழுதி வாங்குங்கள். சங்கமாகப் பதிவதானால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், உங்களிடம் இருக்கிறார்கள்.

இன்னொன்று, ஜெப அறை என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். பிளானில் பொது வழிபாட்டுக் கூடம் என்று வந்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், அது சுலபத்தில் கிடைக்கிற காரியமில்லை. பிள்ளைகள் வகுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஜெபிப்பது வேறு, ஞாயிறு ஆராதனை வேறு. ஞாயிறு ஆராதனையை அங்கே கொண்டுவரவே வேண்டாம், அதற்குத்தான் சபை இருக்கிறதே.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அனுப்புவார் என்று கணக்குப் போட்டிருந்தால் அவர் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளி, ஆகிவிட்டார் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது, அந்தப் பதிவுக்கு டிரஸ்ட் தொடங்கி மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும்.

டீ மாஸ்டர் மகள்:
சட்டமெல்லாம் சரி, எங்கள் குழு உடைந்தது வேறு விஷயத்தில். குழந்தை ஞானஸ்நானம் செல்லுமா, வளர்ந்தபின் எடுக்கும் முழுக்குதான் செல்லுமா என்று பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இன்னொருவனிடம் கேட்டுவிட்டான், அந்த வாரமே பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிட்டார்கள். ஆர்சி குடும்பம் இருக்கிறது என்கிறீர்கள், அவர்கள் வேதாகமத்தில் 73 புத்தகம், உங்களதில் 66. எதைப் பொதுவில் சொல்லிக்கொடுப்பது, எதை அவரவர் வீட்டுக்கு விடுவது என்று செங்கல் வாங்குவதற்கு முன்னால் பேசி எழுதிவையுங்கள்.

கோவை அம்மா:
நன்றி, நல்லவேளை கேட்டேன். ஆய்வகத்துக்கு ஒரு அறை ஒதுக்கலாம் என்று இருந்தோமே, அது?

நெல்லை அப்பா:
தேவையில்லை. என்ஐஓஎஸ்-இல் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) தேர்வு எழுதினால் செய்முறைக்கு அவர்கள் ஒதுக்கும் மையத்துக்குத்தான் போக வேண்டும், பத்தாவதுக்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும், அதுவரை சின்னச் சோதனைகளுக்குச் சமையலறையே போதும். கட்டடத்தையே ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள் என்பேன். உங்கள் சபையில் சண்டே ஸ்கூல் ஹால் திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டித்தானே கிடக்கிறது? பெஞ்சு, ஃபேன், கழிவறை எல்லாம் இருக்கும். விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடக்கும் மே மாதம் மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும்.

கணக்குப்பிள்ளை:
கேட்கும்போது சபை ஐயரிடம் (போதகரிடம்) வாய்வார்த்தையாக மட்டும் கேட்காதீர்கள். சாவி யாரிடம், கரண்ட் பில் யார் கட்டுவது, எந்தெந்த நாள் என்று எழுதி கமிட்டியில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். ஐயருக்கு மாற்றல் வரும், கமிட்டியும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும்.