பில்ட் லாக் முழுக்க [01;31 என்று குப்பை வருகிறது, நிறத்தை நிறுத்துவது எப்படி?

நள்ளிரவு_நிரலர் · இரவு 11.20

அவசரம். பில்ட் லாக்கை (கம்பைல் செய்யும்போது வரும் செய்திகள் விழும் ஃபைல்) திறந்தால் வரிக்கு வரி ஒரு சின்னக் கட்டம், அதன் பின்னால் [01;31 என்று எண்கள், நடுநடுவே எம், கே என்ற எழுத்துகள். போன வாரம் வரை சுத்தமாக இருந்தது. பிழைகளை எண்ணி மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது, அது இன்று "பிழை 0" என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டது, பில்டோ உடைந்து கிடக்கிறது. நிறம் வேண்டாம் என்று சொல்லும் நோ_கலர்=1 வேரியபிளைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. நிறத்தை ஒரேயடியாக நிறுத்த ஒரு வழி சொல்லுங்கள், காலைக்குள் வேண்டும்.

கருந்திரை · இரவு 11.26

எந்தக் கம்பைலர்? எதை வைத்து பில்ட் செய்கிறீர்கள்? லாக் எப்படி ஃபைலுக்குப் போகிறது, நேராகத் திருப்பிவிடுகிறீர்களா, டீ (திரைக்கும் ஃபைலுக்கும் சேர்த்து அனுப்பும் கட்டளை) வழியாகவா? இது எதுவும் தெரியாமல் ஆளுக்கொரு ஊகம்தான் சொல்ல முடியும்.

செட்_ஆக் · இரவு 11.29

எந்த டூல் என்பதெல்லாம் எதற்கு? லாக்கை செட் (உரையில் தேடி மாற்றும் கட்டளை) வழியாக விட்டு, நிறம் மாற்றச் சொல்லும் அந்த எஸ்கேப் குறிகளைத் துடைத்துவிடுங்கள். எஸ்கேப் எழுத்து (பதினாறடி எண்ணில் 1பி), அடுத்து ஒரு சதுர அடைப்பு, அப்புறம் எண்களும் அரைப்புள்ளியும் எத்தனை வந்தாலும் சரி, கடைசியில் எம். இந்த வடிவத்தைத் தேடி வெற்றாக மாற்றினால் முடிந்தது. நான் பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

வெண்பலகை · இரவு 11.31

கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் டூல்) கன்ஃபிக்கில் கலர்.யுஐ=ஆல்வேஸ் என்று யாராவது போட்டிருப்பார்கள். எனக்கு ஒருமுறை இதே தொல்லை வந்தது. அதை ஆட்டோ என்று மாற்றினால் சரியாகும். கிட் 1.8.4 முதல் ஆட்டோதான் இயல்புநிலை, அதனால் அந்த வரியை அழித்தாலே போதும்.

நள்ளிரவு_நிரலர் · இரவு 11.38

கிட் இல்லை, இது சி++ ப்ராஜெக்ட்டின் பில்ட் லாக். கம்பைலர் ஜிசிசி, பில்டை அமைத்துக் கொடுப்பது சிமேக். சர்வரில் டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடுகிறது.

@செட்_ஆக் செய்து பார்த்தேன். எண்கள் போய்விட்டன, கட்டமும் [கே என்பதும் அப்படியே நிற்கின்றன.

பழைய_ஷெல் · இரவு 11.44

டாக்கர் என்று இப்போதுதான் வாயைத் திறக்கிறீர்கள். தம்பி, அடிப்படையைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவர்களுக்கும் நேரம் மிச்சம். ஒரு புரோகிராம் தன் வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா, பைப்புக்கோ (இன்னொரு புரோகிராமுக்கு அனுப்பும் வழி) ஃபைலுக்கோ போகிறதா என்று ஐஸ்_டிடிஒய் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்க்கும். டெர்மினல் என்றால் நிறம், இல்லையென்றால் கிடையாது. உங்கள் டாக்கர் ரன் கட்டளையில் -டி இருக்கிறது, அது உள்ளே ஒரு போலி டெர்மினலை உருவாக்கிவிடுகிறது, கம்பைலர் ஏமாந்து நிறம் போடுகிறது. -டியை எடுங்கள். கையேட்டில் முதல் பக்கத்திலேயே கிடைக்கும் விஷயம் இது.

கருந்திரை · இரவு 11.47

அவர் கட்டளையில் -டி இருக்கிறது என்று யார் சொன்னது? கேட்டுவிட்டுச் சொல்லலாமே.

@நள்ளிரவு_நிரலர் லாக்கை கேட் -வி (கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் காட்டும் கட்டளை) கொண்டு பார்த்து, பிழை வரி ஒன்றையும் சாதாரண வரி ஒன்றையும் இங்கே போடுங்கள். எடிட்டரிலிருந்து எடுக்காதீர்கள், எடிட்டர்கள் எஸ்கேப் எழுத்தை ஆளுக்கொரு விதமாகக் காட்டும்.

குழாய்வழி · இரவு 11.50

[கே மிஞ்சுவது ஏன் என்று மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன். எம்மில் முடிவது நிறத்துக்கான குறி, கேயில் முடிவது "இங்கிருந்து வரிக்கடைசி வரை அழி" என்ற குறி. ஜிசிசியும் கிரெப்பும் நிறத்தோடு சேர்த்து இதையும் அனுப்பும். அதனால் துடைக்கும் வடிவத்தில் கடைசி எழுத்து எம் அல்லது கே என்று இருக்க வேண்டும். இன்னொன்று, 1பி என்று பதினாறடி எண்ணில் எழுதுவது க்னூ செட்டில் வேலை செய்யும், ஆப்பிள் கணினியில் வரும் பழைய செட்டுக்கு அது புரியாது.

நள்ளிரவு_நிரலர் · நள்ளிரவு 12.03

-டி இல்லை, இப்போது பார்த்தேன். கேட் -வி கொடுத்தது இது:

[ 37%] பில்டிங் சிஎக்ஸ்எக்ஸ் ஆப்ஜெக்ட் கோர்/பார்சர்.சிபிபி.ஓ
^[[01எம்^[[கேகோர்/பார்சர்.சிபிபி:42:9:^[[எம்^[[கே ^[[01;31எம்^[[கேஎர்ரர்: ^[[எம்^[[கே

ஸ்கிரிப்ட் தேடுவது "முக்காற்புள்ளி, இடைவெளி, எர்ரர்" என்ற சேர்க்கையை. அது ஏன் கிடைக்கவில்லை என்று இப்போது புரிகிறது, நடுவில் இவ்வளவு வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிஎக்ஸ்எக்ஸ்_ஃபிளாக்ஸில் (கம்பைலருக்குப் போகும் ஆப்ஷன்கள்) -எஃப்டயக்னாஸ்டிக்ஸ்-கலர்=நெவர் கூடச் சேர்த்துப் பார்த்தேன். அதுவும் எடுபடவில்லை. நிறம் தெரியாத டெர்மினல் என்று சொல்லும் டெர்ம்=டம்ப் போட்டேன், அதுவும் இல்லை.

பழைய_ஷெல் · நள்ளிரவு 12.07

நெவர் போட்டும் நிறம் வருகிறது என்றால் பழைய பில்ட் டைரக்டரி மிச்சம் இருக்கிறது. மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள். டாக்கர் பற்றிச் சொன்னதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன், சர்வரே -டி போட்டு ஓட்டலாம், உங்களுக்குத் தெரியாமல்.

ஒலிவழி · நள்ளிரவு 12.10

நான் திரைவாசிப்பான் வைத்து வேலை செய்கிறவள். இப்படிப்பட்ட லாக் ஃபைலைத் திறந்தால் ஒவ்வொரு பிழைக்கு முன்னாலும் "அடைப்பு, பூஜ்ஜியம் ஒன்று, அரைப்புள்ளி, முப்பத்தொன்று, எம்" என்று காதில் விழும், பிழை என்ன என்பது கடைசியில் வரும். நிறம் வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன? இயல்புநிலையிலேயே எல்லா டூலும் நிறத்தோடு வரத்தான் வேண்டுமா?

வெண்பலகை · நள்ளிரவு 12.14

எனக்கு நிறம் இல்லாமல் ஓடாது. ஐந்நூறு வரி வார்னிங்குக்கு நடுவே ஒரு எர்ரரைக் கண்ணால் பிடிக்க சிவப்புதான் உதவுகிறது. இயல்பாக அணைத்து வைத்தால் புதிதாக வருகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாமல் போகும்.

ஒலிவழி · நள்ளிரவு 12.17

திரையில் போடுங்கள், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஃபைலில் எழுதாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அப்புறம், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண் உள்ளவர்களும் இருக்கிறார்கள். "எர்ரர்" என்ற சொல் வரியில் இருக்கிற வரை சரி, சில டூல்கள் சொல்லே இல்லாமல் நிறத்தை வைத்து மட்டும் தேறியது, தவறியது என்று காட்டுகின்றன.

செட்_ஆக் · நள்ளிரவு 12.19

இதற்காகத்தானே 2017-ல் நோ_கலர் என்ற மரபைக் கொண்டுவந்தார்கள். அந்த வேரியபிள் காலியாக இல்லாமல் இருந்தால் போதும், மதிப்பு என்னவாக இருந்தாலும் நிறம் போடக்கூடாது. நோ_கலர்=0 என்றாலும் "போடாதே" என்றுதான் பொருள். எல்லா டூலும் இதை மதித்தால் இந்த இழையே வேண்டாம்.

கருந்திரை · நள்ளிரவு 12.22

எல்லாம் மதிப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. கார்கோவுக்கு கார்கோ_டெர்ம்_கலர்=நெவர், பைடெஸ்ட்டுக்கு --கலர்=நோ, கிரேடிலுக்கு --கன்சோல்=பிளெய்ன், டெர்ராஃபார்முக்கு -நோ-கலர். மேவனுக்கு -டிஸ்டைல்.கலர்=நெவர். ஒரே சர்வரில் நாலு மொழி ஓடினால் நாலையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தவிர, நோ_கலர் மரபே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: கட்டளை வரியில் நேராகக் கொடுத்த ஃபிளாக் அதைவிட மேல்.

குழாய்வழி · நள்ளிரவு 12.41

கருந்திரை கடைசியாகச் சொன்னதுதான் இங்கே சாவி. அந்த இரண்டு வரிகளை வைத்துப் பார்த்தால் இது டாக்கரும் இல்லை, பழைய டைரக்டரியும் இல்லை.

முதல் வரியைப் பாருங்கள். "பில்டிங்" என்பதை டெர்மினலில் ஓட்டினால் பச்சையாக வரும். லாக்கில் அது சுத்தமாக இருக்கிறது. அதாவது வெளியீடு ஃபைலுக்குப் போகிறது என்பது சிமேக்குக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. போலி டெர்மினல் இருந்திருந்தால் இந்த வரியும் நிறத்தோடு வந்திருக்கும், வரிக் கடைசியில் ^எம் என்று கேரேஜ் ரிட்டர்னும் தெரிந்திருக்கும். இரண்டும் இல்லை. நிறம் போடுவது கம்பைலர் மட்டும், அதுவும் யாரோ கட்டளை வரியிலேயே ஆல்வேஸ் என்று கட்டாயப்படுத்தியதால். ஆல்வேஸ் என்று வந்துவிட்டால் ஜிசிசி டெர்மினலையும் பார்க்காது, டெர்ம்=டம்ப்பையும் பார்க்காது.

நீங்கள் போட்ட நெவர் ஏன் தோற்றது? ஒரே ஃபிளாக் இரண்டு தடவை வந்தால் கடைசியாக வந்தது ஜெயிக்கும். சிமேக் கட்டளையைக் கட்டும்போது சிஎக்ஸ்எக்ஸ்_ஃபிளாக்ஸ் முன்னால் போகும், ஆட்_கம்பைல்_ஆப்ஷன்ஸ் மூலம் சேர்த்தவை பின்னால் போகும். உங்கள் சிமேக்லிஸ்ட்ஸில் எங்கோ ஆட்_கம்பைல்_ஆப்ஷன்ஸுக்குள் ஆல்வேஸ் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேக் வெர்போஸ்=1 என்று ஓட்டுங்கள், முழுக் கட்டளையும் தெரியும், நெவருக்குப் பின்னால் ஆல்வேஸ் நிற்கும்.

இப்போது ஒரு கேள்வி. சிமேக் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை ஓட்டுவது மேக் அல்லது நிஞ்ஜா; போன வாரம் வரை நிஞ்ஜாவில் பில்ட் செய்துகொண்டிருந்தீர்களா?

நள்ளிரவு_நிரலர் · நள்ளிரவு 12.48

ஆமாம்! சர்வரை மாற்றினார்கள், புது டாக்கர் இமேஜில் நிஞ்ஜா இல்லை, மேக்குக்கு மாறினோம். அது சம்பந்தமில்லாதது என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன். ஆட்_கம்பைல்_ஆப்ஷன்ஸில் ஆல்வேஸ் இருக்கிறது, மூன்று வருடம் முன்பு யாரோ சேர்த்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை?

குழாய்வழி · நள்ளிரவு 1.02

நிஞ்ஜா பல ஃபைல்களை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யும், வெளியீடுகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் ஒரு பைப்பில் வாங்கி வைத்து, வேலை முடிந்ததும் காட்டும். கம்பைலருக்குத் தெரிவது பைப்தான், அதனால் தானாக நிறத்தை விட்டுவிடும். டெர்மினலில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு நிறம் போய்விட்டதே என்று கோபம் வரும், ஆல்வேஸ் என்று ஒரு வரி சேர்ப்பார். அந்த மூன்று வருடப் பழைய வரிக்கு இதுதான் காரணமாக இருக்கும். அவர் செய்ததில் தப்பில்லை, ஏனென்றால் நிஞ்ஜா தன் வெளியீடு ஃபைலுக்குப் போனால் எஸ்கேப் குறிகளைத் தானே உரித்துவிடும் (சிஎல்ஐகலர்_ஃபோர்ஸ் வைத்திருந்தால் மட்டும் விட்டுவிடும்). மேக் அப்படி எதையும் தொடாது, கம்பைலர் எழுதியது அப்படியே லாக்கில் விழும்.

இன்றிரவுக்கு: ஜிசிசி_கலர்ஸ் என்ற வேரியபிளைக் காலியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். காலியாக என்றால் வெற்று மேற்கோள், அன்செட் கிடையாது. காலியாக இருந்தால் ஜிசிசி நிறத்தை விட்டுவிடும், ஆல்வேஸ் இருந்தாலும்.

நாளைக்கு: அந்த வரியை எடுத்துவிடுங்கள். சிமேக் 3.24 அல்லது அதற்கு மேல் என்றால் சிமேக்_கலர்_டயக்னாஸ்டிக்ஸ் இருக்கிறது, என்விரான்மென்ட் வேரியபிளாகவும் வைக்கலாம். நிறம் வேண்டுகிறவர் தன் ஷெல்லில் ஆன் என்று வைத்துக்கொள்ளட்டும், சர்வரில் வைக்காதீர்கள். நிறம் வேண்டுமா என்பது உட்கார்ந்து பார்க்கிற ஆளின் விருப்பம், ப்ராஜெக்ட் ஃபைலில் எழுதினால் அது எல்லோர் தலையிலும் விழும். ஒலிவழி கேட்டதும் இதைத்தான்.

செட்_ஆக் · நள்ளிரவு 1.06

இவ்வளவு தோண்டுவதற்குப் பதில் கே சேர்த்து ஒரு செட் வரி போட்டிருந்தால் பன்னிரண்டு மணிக்கே தூங்கியிருக்கலாம். மேக்கிலிருந்து பைப் போட்டு செட், அங்கிருந்து லாக்.

கருந்திரை · நள்ளிரவு 1.09

அதைச் செய்தால் பைப்லைனின் முடிவு செட்டின் முடிவாகிவிடும். மேக் தோற்றாலும் செட் நன்றாகவே முடியும், ஷெல் 0 என்று சொல்லும், உடைந்த பில்டுக்குப் பச்சை விளக்கு எரியும். பாஷில் செட் -ஓ பைப்ஃபெயில் (இந்த செட் வேறு, பாஷின் சொந்தக் கட்டளை) போடாமல் பில்டைப் பைப்பில் விடவே கூடாது. இவருக்கு ஏற்கெனவே ஒரு "பிழை 0" மெயில் போய்விட்டது, இன்னொன்று வேண்டாம்.

பழைய_ஷெல் · நள்ளிரவு 1.15

நிஞ்ஜாவிலிருந்து மாறியதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஐஸ்_டிடிஒய் விளக்கம் தவறில்லை, இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை எதை மாற்றினீர்கள் என்று எழுதிவிட்டு அப்புறம் கேள்வி கேளுங்கள்.

ஒலிவழி · நள்ளிரவு 1.18

@குழாய்வழி எங்கள் லாக்கில் எட்டு என்ற எண்ணும் அரைப்புள்ளிகளும் ஒரு இணைய முகவரியும் சேர்ந்து வருகின்றன, வார்னிங் பெயருக்குப் பக்கத்தில். அதுவும் நிறம்தானா?

குழாய்வழி · நள்ளிரவு 1.24

அது நிறம் இல்லை, சொடுக்கும் இணைப்பு. ஜிசிசி 10 முதல் வார்னிங் பெயரோடு அதன் கையேட்டுப் பக்கத்தின் முகவரியையும் சேர்க்கிறது. அதன் குறியில் எஸ்கேப்புக்குப் பின் திறக்கும் சதுர அடைப்பு வராது, எம்மிலும் முடியாது, அதனால் மேலே சொன்ன செட் வடிவத்தில் அது சிக்காது. -எஃப்டயக்னாஸ்டிக்ஸ்-யுஆர்எல்ஸ்=நெவர் என்று தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஒலிவழி · நள்ளிரவு 1.26

நன்றி. நாளைக்கே எங்கள் ஆட்களிடம் சொல்கிறேன்.

நள்ளிரவு_நிரலர் · காலை 7.52

ஜிசிசி_கலர்ஸ் காலியாக வைத்தேன், லாக் சுத்தம், பிழை 14 என்று மெயில் போயிருக்கிறது. ஆல்வேஸ் வரியை எடுக்க ரிவ்யூவுக்கு அனுப்பிவிட்டேன். குழாய்வழி, கருந்திரை இருவருக்கும் ரொம்ப நன்றி.