பேக்கரி பெயர்: உத்யம் சான்றிதழ் கையில் இருக்கிறது, பெயர் என்னுடையதா?

மக்ரூன்மகள் (தூத்துக்குடி):

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடமாக வீட்டிலேயே மக்ரூன், பிளம் கேக், பன் போட்டு விற்கிறேன். தை பிறந்ததும் சின்னதாக ஒரு கடை போடப் போகிறேன். முன்பணம் கொடுத்தாச்சு, கேக் சுடும் ஓவனும் வந்து இறங்கிவிட்டது.

கடைக்கு "தூத்துக்குடி மக்ரூன் ஹவுஸ்" என்று பெயர் யோசித்து, அந்தப் பெயரிலேயே உத்யம் என்ற சிறுதொழில் பதிவு எடுத்தேன். பதிந்து கொடுத்த கணினி மையத்தில், "இனி இந்தப் பெயரை யாரும் வைக்க முடியாது" என்று சொன்னார்கள். நம்பி ஆயிரம் ஸ்டிக்கர் அடித்துவிட்டேன். போன வாரம் வழக்கமாக வாங்கும் அக்கா ஒருவர் திருநெல்வேலியிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்து, "கிளை திறந்துட்டியா, சொல்லவே இல்லையே" என்றார். ஏறக்குறைய அதே பெயர், கடை வேறு யாருடையதோ. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பெயர்ப்பலகைக்காரர் வேறு முன்பணம் கேட்கிறார். நான் அவர்களிடம் போய்க் கேட்கலாமா, இல்லை அவர்கள் என்மேல் நடவடிக்கை எடுப்பார்களா?

தென்காசித்தம்பி:

அக்கா, உத்யம் என்பது நீங்கள் ஒரு சிறுதொழில் நடத்துகிறீர்கள் என்பதற்கான பதிவுதான். அதில் பெயர் ஏறிவிட்டால் பெயர் நமக்குச் சொந்தம் என்று ஆகாது. ஒரே பெயரில் பத்துப் பேர் உத்யம் எடுக்கலாம். ஜிஎஸ்டி பதிவில் வரும் வணிகப் பெயரும் அப்படித்தான். எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எண் உணவுப் பாதுகாப்புக்கானது, பெயருக்குக் காவல் இல்லை. அந்த எண் இடத்தைப் பொறுத்தது என்பதையும் கவனியுங்கள். வீட்டு முகவரிக்கு எடுத்ததை வைத்துக் கடையில் அடுப்பு மூட்ட முடியாது, கடை முகவரிக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

பெயருக்கு உறுதியான உரிமை வேண்டுமென்றால் டிரேட்மார்க், அதாவது வணிகக் குறியாகப் பதிவதுதான் நல்ல வழி.

கிண்டிவாசி (டிரேட்மார்க் வேலை பார்ப்பவன்):

தம்பி சொன்னது சரி. ஆனால் இந்தப் பெயருக்கு டிரேட்மார்க் கேட்டால் பெரும்பாலும் ஆட்சேபம் வரும் அம்மா. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பொருளையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயரைத் தனி ஒருவருக்குக் கொடுக்கத் தயங்குகிறது. "தூத்துக்குடி" ஊர், "மக்ரூன்" பண்டம், "ஹவுஸ்" யார் வேண்டுமானாலும் போடுவது. மூன்றிலும் உங்களுடையது என்று எது இருக்கிறது? அந்தத் திருநெல்வேலிக் கடைக்கும் இதே நிலைதான். அதனால் சண்டைக்குப் போகாதீர்கள், பயப்படவும் வேண்டாம்.

ஊரின் பெயர் ஊருக்கே பொது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது ஒரு கடைக்குக் கிடைத்ததல்ல. விதிப்படி செய்யும் அந்தப் பகுதிக்காரர்கள் எல்லோருக்கும் உரியது.

உங்கள் வீட்டுக்கே உரிய பெயர் ஏதாவது யோசியுங்கள்.

மக்ரூன்மகள்:

மனசு கொஞ்சம் ஆறுதலாச்சு ஐயா. என் ஆச்சி பெயர் சீனியம்மாள். முட்டை வெள்ளையைக் கையாலேயே அடித்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு நுரை நின்ற பிறகுதான் சீனியும் முந்திரிப் பொடியும் போடுவாள். உப்புக்காற்று பட்டால் மக்ரூன் பிசுபிசுத்துப் போகும் என்று ஆறின கையோடு டின்னில் அடைப்பாள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அவள்தான். 2016இல் போய்ச் சேர்ந்தாள். "சீனியாச்சி" என்று வைக்கலாமா?

தென்காசித்தம்பி:

அருமையான பெயர் அக்கா. சீனியும் இருக்கு, நம்ம பக்கத்து ஆச்சியும் இருக்கு.

கிண்டிவாசி:

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் ஒரு சிக்கல். டிரேட்மார்க் பதிவில் பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், பேக்கரிப் பண்டங்கள் 30ஆம் வகுப்பில் வரும். மசாலாப் பொடிகளும் அதே 30தான். ஆச்சி மசாலா எவ்வளவு பெரிய பெயர் என்று சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு அது பாட்டியைக் கூப்பிடும் சொல். பதிவகத்தில் அது ஏற்கனவே புகழ்பெற்ற ஒரு குறியின் பகுதி. 11ஆம் பிரிவில் "குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது" என்று ஆட்சேபம் வரலாம். அதைத் தாண்டினாலும் பதிவகத்தின் ஜர்னலில் விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து 4 மாதம் யாரும் எதிர்ப்பு மனு போடலாம். சின்னக் கடைக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

"சீனியம்மா" என்று வையுங்கள். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 20 ஆண்டுக்குள் இறந்த ஒருவரோடு தொடர்பு காட்டும் பெயர் என்றால், அவருடைய வாரிசுகளின் எழுத்துப்பூர்வ சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம். அம்மா, மாமாமார் கையெழுத்தை இப்போதே வாங்கி வையுங்கள். பின்னால் சொத்துப் பேச்சு வரும்போது கேட்டால் கிடைக்காது.

இன்னொரு கேள்வி. ஸ்டிக்கருக்கு முன்னால் டப்பா மேல் என்ன எழுதி விற்றீர்கள்?

மக்ரூன்மகள்:

ஐயா, நீங்கள் கேட்டதும் போனை எடுத்துத் தேடினேன். முதல் தீபாவளிக்கு அம்மா மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு டப்பாவிலும் "சீனியம்மா வீட்டு மக்ரூன்" என்று எழுதினாள். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அப்புறமும் இரண்டு வருடம் அப்படித்தான் எழுதினோம். ஸ்டிக்கர் வந்த பிறகுதான் நின்றது.

கிண்டிவாசி:

அந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள். தேதியோடு பத்திரமாக வையுங்கள், கூடவே அந்த நாட்களில் பணம் வந்த ரசீதுகளையும். விண்ணப்பத்தில் "இந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறேன்" என்று சொன்னால் உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முன்பயன்பாட்டுக்கு நம் சட்டத்தில் நல்ல மதிப்பு உண்டு, பின்னால் வந்து பதிந்தவர்கூட உங்களை எளிதில் நிறுத்த முடியாது. நடுவில் நின்ற காலத்தை மறைக்காமல் வழக்கறிஞரிடமோ முகவரிடமோ சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பம் போடும் முன் பதிவகத்தின் ஐபி இந்தியா தளத்தில் பொதுத் தேடல் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 30ஆம் வகுப்பைத் தேர்ந்து, ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் தேடுங்கள்: "சீனி"க்கு இரட்டை ஈ போட்டு, ஐ போட்டு, நடுவில் ஒய் வைத்து, வைக்காமல். ஒலிப்பு ஒற்றுமைத் தேடலும் உண்டு. நம்மவர்கள் எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்துவிட்டு ஒலியை விட்டுவிடுகிறார்கள், ஆட்சேபம் அங்கிருந்துதான் வருகிறது.

தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். உட்கார்ந்து டீ குடிக்க இடம் போட்டால் 43ஆம் வகுப்பும் பொருந்தும், ஆனால் கையில் காசு குறைவு என்றால் முதலில் 30. லோகோவை அப்புறம் பார்க்கலாம், சொல்லை முதலில் காப்பாற்றுங்கள். விண்ணப்பித்ததும் டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் பதிவான பிறகுதான், அதற்கு முன் போடுவது குற்றம். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

அடுப்படி_மாஸ்டர்:

பலகைக்காரரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்க தங்கச்சி. எழுதும்போது தமிழ்தான் மேலே, பெரிசா இருக்கணும், ஆங்கிலம் அதுக்குக் கீழே. நம்ம மாநில விதி அது. என் கடையில் மாத்தி எழுதி, இன்னொரு தரம் செலவு பண்ணினேன்.

மக்ரூன்மகள்:

தேடிப் பார்த்தேன், 30இல் அப்படியே ஒத்த பெயர் என் கண்ணில் படவில்லை. திங்கட்கிழமை ஒரு முகவரைப் பார்க்கிறேன். அம்மாவும் இரண்டு மாமாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உத்யமிலும் பெயரை மாற்றக் கொடுத்துவிட்டேன். அந்த ஆயிரம் ஸ்டிக்கர்தான் மனசை அறுக்கிறது.

கிண்டிவாசி:

தூக்கிப் போடாதீர்கள். "தூத்துக்குடி மக்ரூன்" என்று பண்டத்தின் பெயராக, ஊரிலேயே செய்யும் நீங்கள் போடலாம். "ஹவுஸ்" மட்டும் போக வேண்டும்.

மக்ரூன்மகள்:

கடைசிச் சொல் தனி வரியில்தான் இருக்கிறது ஐயா. இப்போதுதான் கத்தரிக்கோலால் ஒன்றை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். மேலே அம்மா மார்க்கரில் "சீனியம்மா" எழுதினாள். கீழே "தூத்துக்குடி மக்ரூன்". சரியாகப் பொருந்துகிறது. இன்று ராத்திரி உட்கார்ந்து மிச்சத்தையும் வெட்டிவிடுகிறோம்.