மூர் மார்க்கெட்டில் முகத்தைக் காட்டக் கூடாது

எழுபதுகளில், சம்பளம் வாங்கிய வாரத்தில் அப்பா என்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போவார். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, சிவப்புச் செங்கல்லில் வளைவும் கூம்புமாக நின்ற கட்டடம். நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார், 1900இல் திறந்தார்கள் என்பதெல்லாம் பின்னால் படித்தது. அப்போது அப்பா சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: “புத்தகம் பிடித்திருந்தால் முகத்தில் காட்டாதே.”

ஒருநாள் காட்டிவிட்டேன். வண்ணப் படங்கள் போட்ட ஆங்கிலப் பறவைப் புத்தகம். கடைக்காரருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டவும் வராது. புத்தகத்தை அவர் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். “பதினைந்து ரூபாய்” என்றார். அப்பா மூன்று என்றார். பேரம் படியாமல் நடந்தோம். பின்னாலிருந்து கூப்பிடுவார் என்பது அப்பாவின் கணக்கு. வாசல் வரை வந்தும் குரல் வரவில்லை. திரும்பியது நாங்கள்தான். “பையனின் கண் இங்கேயேதானே இருந்தது சார்” என்று சிரித்து, ஏழு ரூபாய்க்குக் கொடுத்தார்.

*

இதைக் கேட்ட நண்பர் ஒருவர் சொன்னது: உங்களுக்குப் புத்தகமாவது கிடைத்தது! அப்பா அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் இடம் என்று ஊரே சொல்லும். என் அண்ணன் அங்கே செக்கச்சிவந்த குருவி ஜோடி ஒன்றை வாங்கி வந்தான். தண்ணீர்க் கிண்ணத்தில் அவை குளித்த மறுநாளே நிறம் வெளுத்து, வயல்வெளியில் பறக்கும் சில்லைகளாகிவிட்டன. சண்டை போடப் போனவனைக் கடைக்காரர் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தார். திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு கூண்டும் இருந்தது, அதற்குத் தனிக் காசு.

இசைத்தட்டு வியாபாரிகள் நாணயமானவர்கள். போட்டுக் காட்டித்தான் விற்பார்கள். கீறல் இருக்கும் இடம் வருவதற்குள் ஊசியைத் தூக்கிவிடுவார்கள், அவ்வளவுதான்.

*

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. ரயில் நிலைய விரிவாக்கத்துக்காக அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். ஆகவே தீ தானாகப் பிடித்ததா என்ற சந்தேகம் ஊரில் இன்றும் ஓயவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். கருகிய சுவர்கள், காலடியில் தண்ணீரில் ஊறிய காகிதக் கூழ். அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. கட்டடம் போய்விட்டது, பெயரை மட்டும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று ரயில்வே வைத்துக்கொண்டிருக்கிறது. நிலைய வளாகத்தில் பழைய கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றும் நிற்கிறது. எனக்கு அது பொம்மை வீடாகத்தான் படுகிறது.

கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். சில வருடங்கள் கழித்து அங்கே ஒரு புத்தகக் கடையில் நின்றேன். பெரியவர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு பழைய அகராதியை எடுத்து விலை கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார்.