டைவ் லைட் பேட்டரி, சார்ஜர்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கடல்குதிரை

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் நைட் டைவ். கூட இறங்கிய நண்பர் பாறை இடுக்கில் இருந்த ஆக்டோபஸ் மேல் டார்ச்சைப் பிடித்திருந்தார். அது வெளுப்பதும் சிவப்பதுமாக இருந்தது. சட்டென்று எல்லாம் கருப்பு. மங்கவில்லை, சிமிட்டவில்லை, அப்படியே நின்றுவிட்டது. அவர் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தார் பாருங்கள், மேலே வந்த பிறகும் மணிக்கட்டில் நகத்தடம் இருந்தது. என் லைட் எரிந்துகொண்டிருந்ததால் இருவரும் நிதானமாக ஏறிவிட்டோம். ஆனால் அந்தப் பிடியை இன்னும் மறக்க முடியவில்லை.

போட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். டார்ச்சில் இரண்டு 18650 (சார்ஜ் செய்யும் உருளை லித்தியம் செல்) வரிசையாகப் போகும். ஒன்றில் 3.8 வோல்ட். இன்னொன்றில் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. வோல்டேஜ் ரொம்ப இறங்கியதும் செல்லுக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பைத் துண்டித்திருக்கிறது. ஒரு செல் பலவீனமாக இருந்தால் போதும், இன்னொன்று நிறைந்திருந்தும் பயனில்லை. மேலுறையில் கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சென்னை வந்ததும் தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்தோம். 31 கிராம்! நல்ல 18650 என்றால் 45 கிராமை ஒட்டியாவது இருக்கும். அந்த அளவு செல்லில் நிஜமாகக் கிடைப்பது 3500ஐ ஒட்டித்தான்.

பாண்டி அலை

இதனால்தான் லித்தியமே வேண்டாம் என்கிறேன். பாண்டியில் நாங்கள் போகும் இடங்களில் பல நாள் தண்ணீர் கலங்கித்தான் இருக்கும். 3000 லூமன்ஸ் என்று பெரிய வெளிச்சம் போட்டால் துகள் எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். டபுள் ஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்ட சின்ன லைட் போதும். 2005இல் சான்யோ கம்பெனி எனெலூப் என்ற செல்லைக் கொண்டுவந்த பிறகு, சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கிப்போகும் பழைய தொல்லையும் பெரிதாக இல்லை. சார்ஜ் தீரும்போது பெரும்பாலும் சட்டென்று அறுந்துபோகாமல் வெளிச்சம் மங்கும்.

சரி, என் அனுபவம். வாடகை கியர் பெட்டியில் ஒரு டார்ச். யாரோ சாதாரண அல்கலைன் செல் போட்டு மறந்திருக்கிறார்கள், உள்ளே கொஞ்சம் கடல் தண்ணீரும் போயிருக்கிறது. கடைப் பையன் பின்மூடியைத் திருகினான். கடைசிப் புரி விடுபட்டதும் பட்டென்று ஒரு சத்தம். மூடி பறந்துபோய் தகரக் கூரையில் பட்டு விழுந்தது. அவன் முகம் ஒரு சாண் தள்ளி இருந்ததால் பிழைத்தான். செல் கெட்டாலும், உப்புத் தண்ணீரில் கரண்ட் பாய்ந்தாலும் ஹைட்ரஜன் வரும். காற்றுப் புகாத டார்ச்சில் அது வெளியே போக வழி கிடையாது. நனைந்த டார்ச்சைத் திறப்பதென்றால் இரண்டு முனையையும் ஆள் இல்லாத பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள்.

தீவுவாசி

பாண்டி அலை, மூடி பறந்ததற்கும் லித்தியத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் சொன்ன கதையில் கெட்டது அல்கலைன். கலங்கிய தண்ணீருக்கு உங்கள் சின்ன லைட் சரி, வீடியோ எடுப்பவர்களுக்கு அது எப்படிப் போதும்?

நான் பார்த்தது மாலத்தீவில், நாள்கணக்கில் தங்கி டைவ் செய்யும் லைவ்-அபோர்டு படகில். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சலூனில், அதாவது படகின் பொது அறையில், ஏதோ தீய்ந்த வாடை. டார்ச்சோடு இலவசமாக வந்த, பெயர் இல்லாத சார்ஜர் ஒன்றின் பிளாஸ்டிக் செல்லைச் சுற்றி இளகித் தொய்ந்திருந்தது. படகு ஊழியர் பிளக்கைப் பிடுங்கி, துணியால் பிடித்து வெளியே கொண்டுபோனார். பிடுங்கும் வரை அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ‘சார்ஜ் முடிந்தது’ என்று சொல்லும் அதே பச்சை. அன்றிலிருந்து எந்தப் பச்சை விளக்கையும் நான் நம்புவதில்லை.

2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் தீவருகே கான்செப்ஷன் என்ற டைவ் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். தீ எதனால் தொடங்கியது என்று விசாரணையில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் சலூனில் போனும் கேமராவும் லைட்டும் சார்ஜில் கிடந்தது தெரிந்த விஷயம். இரவு முழுக்கச் சுற்றிவந்து பார்க்க ஆள் இல்லாததும் தெரிந்த விஷயம். படகில் இரவு பத்து மணிக்கு மேல் சார்ஜ் போடாதே என்றால் தயவுசெய்து சண்டை போடாதீர்கள்.

சார்ஜர் வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். லித்தியம் செல்லுக்கு முதலில் ஒரே அளவு கரண்ட் போக வேண்டும். 4.2 வோல்ட் வந்ததும் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு கரண்டைக் குறைத்து, ஒரு கட்டத்தில் முழுதாக நிறுத்த வேண்டும். மலிவான சார்ஜர்கள் பல நிறுத்தாமல் கரண்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும், லித்தியம் அதைத் தாங்காது. ஒவ்வொரு குழிக்கும் தனியாக வோல்டேஜ் காட்டுகிற சார்ஜராகப் பாருங்கள். முடிந்ததும் செல்லை எடுத்து மீட்டரில் வையுங்கள். 4.25ஐத் தாண்டினால் அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். கரண்டைக் கொள்ளளவில் பாதிக்கு மேல் வைக்காதீர்கள், 3000 எம்ஏஎச் செல்லுக்கு ஒன்றரை ஆம்பியர். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் அந்தச் செல் வேண்டாம். அடியோடு இறங்கிப்போன செல்லை எழுப்பும் வசதி சில சார்ஜர்களில் உண்டு, அதைத் தொடவே வேண்டாம். ஜோடியாகப் போடும் செல்களை ஜோடியாக வாங்கி, ஜோடியாகவே பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் டைவ் இல்லையென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். மெத்தை மேல், துணி மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

மட்டுநகர் சுழியோடி

கடல்குதிரை, பாதுகாப்பு சர்க்யூட் உள்ள பற்றரிதான் நல்லது என்று எல்லாரும் கதைக்கிறார்கள். இங்கே மட்டக்களப்பில் ஹெர்மிஸ் கப்பலுக்கு இறங்குகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1942இல் மூழ்கின அந்த விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்குது. அங்கே வெளிச்சம் ஒரேயடியாக அறுந்தால் என்ன செய்வது? ரோச்சுக்குள்ளேயே (டார்ச்) வோல்டேஜ் குறைவதைப் பார்த்து வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைக்கும் சர்க்யூட் இருந்தால், பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத தரமான பற்றரியே போதும் என்பது என் எண்ணம். அது இல்லாத ரோச்சுக்கு எல்லாரும் சொல்வது சரி.

இன்னொன்றையும் ஒருவரும் சொல்லவில்லை. 18650 என்றால் 65 மில்லிமீற்றர் நீளம். பாதுகாப்பு சர்க்யூட் தட்டும் மேல் குமிழும் சேர்ந்தால் 69, 70 வரும். எங்களோடு வந்தவர் ஒருவருக்குப் புது பற்றரி போட்ட பிறகு மூடி முழுதாக இறங்கவில்லை. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் கறுப்பு விளிம்பு மயிரிழை அளவுக்கு வெளியே தெரிந்தது. இறங்கும் கயிற்றில் போய்க்கொண்டிருக்கும்போதே ரோச்சின் கண்ணாடிக்குப் பின்னால் முதலில் பனிப்புகார் போல ஒரு மூட்டம், பிறகு தண்ணீர் கோடாக ஏறியது. 50 மீற்றரில் மேலே இருப்பதைப் போல ஆறு மடங்கு அழுத்தம், அரைப் புரி குறைந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும். நாங்கள் டைவை அங்கேயே நிறுத்திப் போட்டு ஏறினோம். வாங்குமுன் ரோச்சின் குழாய் எத்தனை மில்லிமீற்றர் நீளப் பற்றரியை எடுக்கும் என்று கேளுங்கள்.

கடல்குதிரை

சுழியோடி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். நண்பருடைய டார்ச்சில் அப்படிக் குறைக்கும் சர்க்யூட் இல்லை. செல்லோடு டார்ச்சையும் சேர்த்து மாற்றச் சொல்லிவிட்டேன்.

மீன்கொத்தி

போர்ட் பிளேர் போகும் வழியில் ஒன்று. எனக்கு முன்னால் நின்றவரின் பையிலிருந்து விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் சாவிக்கொத்தோடு உதிரி 18650 ஒன்றை எடுத்துப் போட்டார்கள். நீல உறை பாசிட்டிவ் முனையருகே கிழிந்து உள்ளே தகரம் பளபளத்தது. அந்தத் தகரம் முழுக்க நெகட்டிவ். ஒரு சாவி குறுக்கே விழுந்தால் நெருப்புதான். உதிரி லித்தியம் செல்லைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் டப்பாவில். 100 வாட் ஹவர் (வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வருவது) வரை அனுமதி கேட்கத் தேவையில்லை, 18650ஐ விடச் சற்றுப் பெரிய 21700 செல் 5000 எம்ஏஎச் என்றால் 18 வாட் ஹவர்தான். டார்ச்சுக்குள்ளும் செல்லை விடாதீர்கள், பைக்குள் தானாக எரிந்தால் அந்தச் சூட்டை ஆற்றத் தண்ணீர் இருக்காது.

ஒரு சந்தேகம். 21700க்கு ஒரு ஆம்பியர் வைத்தால் எவ்வளவு நேரம் ஆகும்?

தீவுவாசி

ஐந்து ஆறு மணி நேரம். இரண்டு டைவுக்கு நடுவில் நிரம்பாது. இன்னொரு ஜோடி செல் எடுத்துப் போங்கள்.