ஸ்லாம் டங்க் ரசிகர்களே, மாங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) மட்டும் இருந்த, ஷொஹோக்கு பள்ளி பாஸ்கெட்பால் அணி சான்னோ பள்ளியோடு மோதும் ஆட்டத்தை 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' படத்தில் ஒருவழியாகப் பார்த்துவிட்டோம். எந்த இடம் இன்னும் உங்களை விடவில்லை?

கடைசி விசில்:

சுற்றி வளைக்கவில்லை. படத்தில் நம் பழைய நாயகன் சகுராகி முதல்முறை வாயைத் திறந்ததும் எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. முகம் அவன், சிவப்பு முடி அவன், 10-ஆம் நம்பர் பனியன் அவன். குரல் மட்டும் வேறு யாரோ. டிவி தொடரின் 101 எபிசோடுகளையும் எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. தொடரில் அவனுக்காகப் பேசிய குசாவோ தகேஷியின் குரல் இல்லாமல் சகுராகி என்று ஒருவன் இருப்பதாகவே என் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தில் பேசிய கிமுரா சுபாரு சரியில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் பேசியிருக்கிறார். ஆனாலும் ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து வந்த நண்பன் வேறு யாருடைய தொண்டையிலோ பேசுகிற மாதிரி இருந்தது.

படம் முழுக்க இந்த முள் உள்ளே இருந்தது. அப்புறம் அந்தக் கடைசி நொடிகள். சத்தம் அப்படியே நின்றுபோனது. இசை இல்லை, கூட்டத்தின் கூச்சல் இல்லை, தரையில் ஷூ உரசுவதுகூட இல்லை. அணித்தோழன் ருகாவா பந்தோடு எழும்புகிறான். வழியை மறித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் சகுராகி கைகளை ஏந்தித் தயாராக நிற்கிறான். உதடு அசைகிறது. ஷாட் போடக் கற்றபோது படித்த பாடம்: "இடது கை தாங்குவதற்கு மட்டும்தான்."

படம் அந்த வரியை ஒலியாகத் தரவே இல்லை. ஆனால் எனக்குக் கேட்டது, அதுவும் பழைய குரலில் கேட்டது. தியேட்டரில் ஒரு ஆள்கூட மூச்சுவிடவில்லை, நான் மட்டும் குசாவோவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஆட்டத்தில் அவர் அந்த வரியைப் பேசியதே இல்லை. டிவி தொடர் 1996 மார்ச்சில் இந்த ஆட்டத்தைத் தொடாமலே முடிந்துவிட்டது. அப்படியென்றால் நான் கேட்டது என்ன? வீட்டுக்கு வந்தும் தூக்கமில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆனதா?

ஏழாம் நம்பர்:

எனக்கு நேர்மாறு. நான் ஷொஹோக்குவின் 7-ஆம் நம்பர் மியாகிக்காகவே போனேன்.

டிவி தொடரில் அவன் எப்போதும் ஐந்து பேரில் ஒருவன். மிட்சுயிக்கு ஒரு பெரிய கதை, கேப்டன் அகாகிக்கு ஒரு கனவு, ருகாவாவும் சகுராகியும் தனி உலகம். மியாகிக்கு அணி மேனேஜர் அயாகோமேல் காதல், அதோடு சரி. 168 செ.மீ. பையனை, கதையை உருவாக்கிய இனோவே தகேஹிகோ இத்தனை வருஷம் கழித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார் என்று யார் நினைத்தோம்?

இரண்டாம் பாதியில் சான்னோ ஜோன் பிரெஸ் (பந்தை முன்னே கொண்டுவர விடாமல் நெருக்கும் தற்காப்பு) போட்டு 20 புள்ளிக்கு மேல் முன்னால் போய்விடுகிறதல்லவா, அதற்குப் பிறகு வருவதுதான் என்னுடைய இடம். இரண்டு பேர் அவனை ஓரத்தில் நெருக்குகிறார்கள். பந்து முட்டிக்கும் கீழே, தரையை ஒட்டியே துடிக்கிறது. இரண்டு உடம்புக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இடைவெளி. அதில் புகுந்து வெளியே வருகிறான். பள்ளி அணியில் நான்தான் குட்டை. பயிற்சியில் என்னை இரண்டு பேர் நெருக்கினால் பந்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். அந்தக் காட்சியில் என் கால் தானாக நகர்ந்தது, பக்கத்து இருக்கையில் இடித்துவிட்டேன்.

இடிபட்டவர் திரும்பி, "இது சகுராகி கதைதானே, இவன் எதுக்கு இவ்வளவு நேரம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போதும் அந்தக் கேள்வி காதில் நிற்கிறது, ஏனென்றால் ஒரு விதத்தில் அவர் சொன்னதும் சரி.

மூன்று புள்ளி:

ஏழாம் நம்பர், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் நானாக இருந்திருக்கலாம். நான் அன்று கேட்டதும் அதே கேள்விதான்.

படம் அழகு. பென்சில் கோடுகளாக ஐந்து பேரும் ஒவ்வொருவராக உருவாகி நடந்து வருகிற தொடக்கத்தைப் பார்த்தபோது கண் கலங்கியது, மறுக்கவில்லை. ஆனால் என் ஸ்லாம் டங்க்கில் பாதி சிரிப்பு. அகாகி தலையில் குட்டுவது, சகுராகியின் நண்பர் படை வெளியே நின்று கேலி செய்வது, அவன் விரும்பும் ஹருகோவைப் பார்த்ததும் அவன் முகம் உருகிப்போவது. படத்தில் ஹருகோ எத்தனை நிமிடம் வருகிறாள்? சகுராகி பாஸ்கெட்பாலுக்குள் வந்ததே அவளால்தான். முதுகில் அடிபட்டு விழுந்தவன் மறுபடி எழுந்து நிற்பதற்கு அர்த்தம் வருவது, "பாஸ்கெட்பால் பிடிக்குமா?" என்று முதல் எபிசோடில் அவள் கேட்ட கேள்வியிலிருந்துதானே. அந்தக் கேள்வியின் கதை தெரியாமல் பார்த்தவர்களுக்கு அங்கே என்ன புரிந்திருக்கும்?

சரி, என் அனுபவம் என்று கேட்டால் அதுதான். அவன் எழுந்து நின்றபோது எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் சத்தமாக விம்மினார். நான் அழவில்லை. அழ வேண்டிய இடம் என்று தெரிந்தது, ஆனால் வரவில்லை. 26 வருஷம் காத்திருந்தது இந்த ஒரு காட்சிக்காக.

அகாகி மட்டும்:

கடைசி விசில், குரல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குரல்கள் எல்லாம் மாறுகின்றன என்று அறிவித்தது 2022 நவம்பர் 4. படம் டிசம்பர் 3. நடுவில் ஒரு மாதம்கூட இல்லை. அதற்குள் டிக்கெட் வாங்கி வைத்தவர்கள் ஜப்பானில் ஏராளம். அவர்களுடைய கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். மாற்றியதற்கு இல்லை, சொல்லத் தாமதித்ததற்கு.

ஆனால் எனக்கு வலித்தது வேறு. தொடரில் அகாகிக்குக் குரல் கொடுத்த யனாடா கியோயுகி அதே நவம்பர் 21 அன்று காலமானார். படம் வெளியாக இரண்டு வாரம்கூட இல்லை. படத்தில் அகாகி தரையில் மல்லாந்து கிடக்கும் காட்சி வந்தபோது எனக்கு ஆட்டம் கண்ணில் படவே இல்லை. அந்த அடித்தொண்டைக் குரல் இனி ஒருபோதும் இந்த ஆட்டத்தைப் பேசாது என்பது மட்டும்தான் ஓடியது. உங்களுக்காவது குசாவோவின் குரல் மௌனத்தில் கேட்டது. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கு எதுவும் கேட்கவில்லை.

முழுத் தொகுப்பு:

எனக்குப் பெரிய அனுபவம் எதுவும் இல்லை. தொடரைப் பல வருஷத்துக்கு முன்பு நண்பன் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில் மங்கலான படத்தோடும் மஞ்சள் சப்டைட்டிலோடும் பார்த்தேன். 38-க்கு அடுத்து 40 இருந்தது, 39 இல்லை. தெளிவான பிரிண்ட் கையில் வந்தபோது முதலில் 39-ஐத்தான் போட்டேன்.

ஆனால் மேலே படித்ததில் ஒன்று தோன்றுகிறது: பாதிப் பேருக்கு ஏமாற்றம் வந்ததே தவறான வரிசையில் பார்த்ததால்தான். டிவி தொடரை ரியோனான் பள்ளியோடு ஆடும் ஆட்டம் வரை பாருங்கள். அதற்குப் பிறகு தொடர் தன் கதையைத் தானே எழுதிக்கொள்கிறது. கடைசியில் ஷோயோ, ரியோனான் என்ற இரண்டு பள்ளி ஆட்கள் கலந்த ஓர் அணியோடு ஷொஹோக்கு ஆடும் ஆட்டம் மாங்காவில் இல்லாதது. பார்த்தாலும் நஷ்டமில்லை, அதை முடிவு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கிருந்து நேராக மாங்காவுக்குப் போங்கள். மொத்தம் 31 தொகுதி, 276 அத்தியாயம். தேசியப் போட்டிக்குக் கிளம்புவதற்கு முன் சகுராகி 20,000 ஷாட் போடுகிறான், அதைப் படித்தே ஆக வேண்டும். அந்த எண் கைக்கு வந்திருந்தால்தான் கடைசி ஷாட்டில் அவன் முழங்கை ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரியும். கடைசித் தொகுதியை ஒரே மூச்சில் படியுங்கள், பேச்சே இல்லாத பக்கங்கள் அடுத்தடுத்து வரும், அங்கே வேகமாகப் புரட்டக்கூடாது. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வாரமாவது விடுங்கள். பிறகு படம். அப்போது மியாகி கதை குறுக்கே வந்ததாகத் தோன்றாது, தெரிந்த வீட்டில் புதிதாக ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள். இரண்டாம் தடவை அமர்ந்தால் சான்னோவின் நட்சத்திர ஆட்டக்காரன் சவாகிதாவை மட்டும் கவனியுங்கள், தோற்றபிறகு அவன் எங்கே போய் அழுகிறான் என்று.

மூன்று புள்ளி:

முழுத் தொகுப்பு, மாங்காவை நான் இரண்டு முறை முழுக்கப் படித்திருக்கிறேன். 20,000-மும் தெரியும், 79-78 என்ற கடைசி ஸ்கோரும் தெரியும், அடுத்த ஆட்டத்தில் என்ன ஆகிறது என்பதும் தெரியும். வரிசை தவறவில்லை. தெரிந்தும் அழுகை வரவில்லை என்றுதான் எழுதினேன்.

பதினான்கு:

முழங்கால் போய் விளையாட்டை விட்டவள் நான். அதனால், முழங்கால் அடிபட்டு விலகிய மிட்சுயி யார் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

படத்துக்கு 12 வயது மகளை அழைத்துப் போனேன். அவளுக்கு முன்கதை ஒன்றும் தெரியாது. இரண்டாம் பாதியில் மிட்சுயி நிற்கவே முடியாமல் ஜெர்ஸியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறான். அப்போது என் காதோடு கேட்டாள்: "மத்தவங்க எல்லாம் ஓடுறாங்க, இவர் மட்டும் ஏம்மா இப்படி மூச்சு வாங்குறார்?" இரண்டு வருஷம் அவன் விளையாடவே இல்லை, கோச்சின் காலடியில் விழுந்து அழுதுதான் திரும்ப வந்தான் என்று அந்த இருட்டில் எப்படிச் சொல்வது? "அப்புறம் சொல்றேன்" என்றேன். அடுத்த பந்து கை நடுங்க நடுங்க அவன் விரலை விட்டுப் போனது, மூன்று புள்ளி. மகள் கைதட்டினாள். என்னால் முடியவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் பழைய தொடரைப் போட்டோம். இப்போதெல்லாம் சட்டப்படியே தெளிவாகக் கிடைக்கிறது, நாங்கள் பார்த்த காலத்தை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது. ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு பந்து கூடைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம், வேடிக்கை பார்ப்பவர்கள் ஏன் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு எபிசோடுக்கும் புகார். நான் வாதாடவில்லை. பத்து நாளில் ஜிம்முக்குள் அடிதடி நடக்கும் இடத்துக்கு வந்தோம். கதவைத் தட்டிக்கொண்டு அன்சாய் கோச் உள்ளே வருகிறார். மிட்சுயி முன்பல் இல்லாத வாயோடு முட்டிபோட்டு, "கோச், எனக்கு பாஸ்கெட்பால் ஆடணும்" என்று சொல்கிறான். மகள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "அதனாலதான் அன்னைக்கு மூச்சு வாங்கினாரா?" என்றாள்.

மூன்று புள்ளி, உங்களுக்கு வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது, படத்தில் இல்லை.

தண்டவாளம்:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். வேலையாக ஜப்பான் போனபோது ஒரு அரைநாள் கிடைத்தது. காமகுராகோகோமாயே நிலையத்துக்குப் பக்கத்து ரயில்வே கேட்டுக்குப் போனேன். டிவி தொடரின் தொடக்கப் பாட்டில் கடலைப் பின்னால் வைத்து வருமே, அதே இடம். தனியாக நின்று பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். நூறு பேராவது நின்றிருந்தார்கள், காவலாளி ஒருவர் எல்லோரையும் சாலையை விட்டு இறங்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கே குடியிருப்பவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்று நினைத்து வெட்கமாக இருந்தது, கிளம்பிவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் மணி அடித்தது, கேட் இறங்கியது, பச்சை நிற எனோடென் ரயில் மெதுவாகக் கடந்தது. அது போன பிறகு திறந்த கடலைப் பார்த்து எனக்கு முன்னால் நின்ற, அறுபது வயது இருக்கும், ஓர் அம்மா அந்தப் பழைய பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார். புதுப் படத்தின் பாட்டை இல்லை.

கடைசி விசில்:

எல்லாவற்றையும் படித்தேன். அகாகி மட்டும், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

நேற்று வீட்டில் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டேன். இந்த முறை ஹெட்போனில், ஒலியை முழுதாக ஏற்றிவைத்து. உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை போட்டேன், அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். ருகாவாவும் சகுராகியும் கையோடு கை அடித்துக்கொள்ளும் வரை ஓடவிட்டு, அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன்.